தோணிக்காரர் லீவின்மேல் விழுந்த சாபம்

என் மாமனார் லீவினுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. எல்ஸ்வேர் துறையில் தோணி ஓட்டினார். ஆற்றைக் கடக்கிற நேரத்துக்குள் உங்கள் வீட்டுக் கலியாணம், வழக்கு, வயிற்றுவலி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுவார். திரும்பி வரும்போது அதில் பாதியை வேறு யாரிடமாவது சொல்லிவிடுவார். கெண்ட் நகரத்துக்குத் துணி கொண்டுபோகிற நெசவாளிகள், வழி சுற்றானாலும் பரவாயில்லை என்று எங்கள் துறைக்கு வந்து ஏறுவார்களாம். அப்படிப்பட்டவரோடு ஊரில் ஒருவரும் பேசக் கூடாது என்று ஆனது. ஏழு வருஷம் அப்படிக் கழிந்தது.

எங்கள் ஆறு இரண்டு மேற்றிராணியார்களுக்கு, அதாவது ஆயர்களுக்கு, நடுவே ஓடுகிறது. மேற்குக் கரையில் இருக்கிற எல்ஸ்வேர் ஒருவருடைய ஆளுகையில் இருந்தது. எதிரே தெரிகிற லிண்டெக் இன்னொருவருடையது. சாதாரண நாளில் இது யாருக்கும் நினைவிருக்காது. அவர்களுடைய கோவில் திருநாளுக்கு நாங்கள் போவோம். எங்கள் திருநாளுக்கு அவர்கள் வந்து, எங்கள் பீரைக் குறை சொல்லிக்கொண்டே வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தொல்லை தொடங்கியது எங்கள் ஊர் பீர்க்கடையில்தான். கடை கேட்லீன் என்ற பெண்ணுடையது. அங்கே சூதாட்டத் தகராறில், உச்சி மழித்த கோவில் எழுத்தன் ஒருவன் ஒரு துணி வியாபாரியைக் குத்திக் கொன்றுவிட்டான். ஊர் மன்றத்தார் அவனைப் பிடித்து அடைத்தார்கள். எழுத்தனாக இருந்தாலும் அவன் திருச்சபையின் ஆள், அவனை விசாரிக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று மேற்றிராணியார் ஆளனுப்பினார். ரத்தம் சிந்தியது எங்கள் தெருவில் என்று மன்றத்தார் பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஊருக்கே கோவில் தடை வந்தது.

மணியின் நாக்கைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். பூசை இல்லை, கலியாணம் இல்லை. பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானமும், சாகிறவர் தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் மட்டும் உண்டு. செத்த பிறகு கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண் கிடையாது. தடை நீங்கினால் எடுத்து முறையாக அடக்கலாம் என்று சொல்லி, ஊருக்கு வெளியே சதுப்பு ஓரமாக இருந்த வாத்துமேட்டில் பிணங்களைப் புதைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நிறையப் பேர் செத்தார்கள். மண் உறைந்து கிடந்ததால் குழிகள் ஆழமாக இல்லை.

லீவினின் மனைவி அலெய்டா அந்த மாசியில் நெஞ்சுச்சளியில் இறந்தார். பங்குச் சாமியார் கோசன் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர்தான். மேலே இருந்து ஒரு சொல் வந்தால் அதைத் தலைகீழாக நின்றாவது நிறைவேற்றுவார், அவ்வளவுதான். லீவின் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சாமி, மணி அடிக்க வேண்டாம். பாட்டு வேண்டாம். அவ அம்மா பக்கத்துல ஒரு குழி மட்டும் குடுங்க."

"சாவிதான் என்கிட்ட இருக்கு லீவின். அதிகாரம் இல்ல. வாத்துமேட்டுல வை. தடை நீங்கட்டும், நானே வந்து எடுத்து அடக்கம் பண்றேன்."

"அங்க நரி தோண்டுது சாமி."

"கொஞ்சம் ஆழமா வெட்டு" என்றார் கோசன். அதைச் சொல்லும்போது அவர் லீவினின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், லீவினும் மகள் யோசீனாவும் அலெய்டாவைத் தோணியில் கிடத்திப் பாய்த்துணியால் மூடினார்கள். கரையில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். நானும் நின்றிருந்தேன், அப்போது எனக்கு யோசீனாவைப் பெயரளவில்தான் தெரியும். யாரும் தடுக்கவில்லை, யாரும் கைகொடுக்கவும் இல்லை. தோணி லிண்டெக் கரைக்குப் போனது.

லிண்டெக்கில் அப்போது ஆர்னோ என்று ஒரு கிழட்டுச் சாமியார் இருந்தார். காது பாதிதான் கேட்கும். செத்தது யார், நம்ம பங்கைச் சேர்ந்தவளா என்று கேட்டாராம். பொய் சொல்ல லீவினுக்கு வாய் வரவில்லை.

"தோணியில வந்தவ சாமி."

"தோணியில வராம இங்க எவன் வர்றான்" என்று சொல்லிவிட்டு, ஆர்னோ கோவில்பிள்ளையைக் கூப்பிட்டு மண்வெட்டி எடுத்து வரச் சொன்னார். வேலி ஓரத்தில், எல்டர் புதருக்குப் பக்கத்தில் அலெய்டாவை முறைப்படி அடக்கம் செய்தார்கள். மணியும் அடித்தார்கள். அந்த மணி எங்கள் கரைக்குக் கேட்டது. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் கேட்ட முதல் மணி அதுதான்.

இரண்டாவது மணி லீவினுக்காக அடித்தது. மேற்றிராணியாரின் ஆள் ஒருவர் குதிரையில் வந்தார். கட்டியிருந்த மணியை அன்றைக்கு மட்டும் அவிழ்த்தார்கள். கோவில் படியில் நின்று கோசன் சாமியார் லீவினின் பெயரைச் சொல்லி, அவரைத் திருச்சபையிலிருந்து வெட்டி எறிந்ததாக வாசித்தார். கையிலிருந்த மெழுகுவத்தியைத் தரையில் போட்டு மிதித்தார். அவரோடு பேசுகிறவனும், உண்கிறவனும், சேர்ந்து ஜெபிக்கிறவனும் அந்தச் சாபத்தில் பங்கு பெறுவான் என்று சொன்னார். குடும்பத்துக்கு மட்டும் விலக்கு.

சாபம் நீங்க வழி இருந்தது. வெறுங்காலோடு, மேல்சட்டை இல்லாமல் கோவில் வாசலில் மண்டியிட்டுப் பிரம்படி வாங்க வேண்டும். அதோடு அலெய்டாவைத் தோண்டி எடுத்து வந்து, மற்றவர்களைப் போல வாத்துமேட்டில் வைக்க வேண்டும்.

லீவின் படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மண்டியிடுறேன். அடி வாங்கிக்கிறேன். அவளத் தோண்ட மாட்டேன்" என்றார். பிறகு துறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த ஈஸ்டருக்குள் மன்றத்தார் பணிந்து எழுத்தனை ஒப்படைத்தார்கள். தடை நீங்கியது. வாத்துமேட்டிலிருந்த பிணங்களைச் சாம்பிராணிப் புகையோடு எடுத்து வந்து கோவில் மண்ணில் அடக்கினார்கள். சில குழிகளில் உடல்கள் முழுதாக இல்லை. ஊர் பழையபடி ஆனது. லீவினின் சாபம் மட்டும் அப்படியே நின்றது. செய்த குற்றம் குற்றம்தான், தோண்டி எடுத்து இந்தப் பங்குக்குக் கொண்டுவந்தால்தான் மன்னிப்பு என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஆற்றைக் கடக்காமல் முடியுமா? தோணி ஓட்டும் உரிமை அவர் குடும்பத்துக்குப் பிரபு கொடுத்தது. ஆகவே சனங்கள் ஏறினார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூலியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். லீவின் கொஞ்ச காலம் ஊமைபோல இருந்தார். அப்புறம் மாடுகளோடு பேச ஆரம்பித்தார். மாடுகளோடு பேசக் கூடாது என்று யாரும் வாசிக்கவில்லை.

"ஏண்டியம்மா, உன் எசமானுக்குக் கால் வீக்கம் வத்திச்சா?" என்று பசுவின் காதுக்குப் பக்கத்தில் கேட்பார்.

எசமான் அவர் பக்கம் திரும்பமாட்டான், தண்ணீரையே பார்ப்பான். பிறகு அவனும் பசுவின் கழுத்தைத் தடவியபடி, "பரவால்லடி, இப்ப செருப்பு போட முடியுது" என்பான்.

அப்படிப் பல செய்திகள் பசுக்கள் வழியாகப் போய் வந்தன. மாடில்லாத நாட்களில் தோணியில் துடுப்புச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

வெளியில் இருந்து பார்க்க இது வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது யோசீனாவுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் தோணியைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மணிச் சத்தம் கேட்கிற இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். நரகத்தை அவர் உண்மையாகவே நம்பினார். தான் அங்கேதான் போகப் போகிறோம் என்றும் நம்பினார். அலெய்டா நல்ல மண்ணில் இருக்கிறாள், அவள் போகிற இடத்துக்குத் தான் போக முடியாது என்று ஒரு தரம் மகளிடம் சொன்னாராம். அப்படி நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் எழுந்து தோணியைத் தள்ளினார். தோண்டி எடுக்கலாமா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நான் கூரை வேய்கிறவன். தோணித்துறைக் குடிசைக்கு நாணல் மாற்றப் போனபோதுதான் யோசீனாவோடு பழக்கம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். கலியாணத்துக்குக் கேட்டேன். கோவிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கோசன் சாமியார் சம்மதித்தார். ஆனால் பெண்ணின் அப்பா கோவில் வாசலிலும் நிற்கக் கூடாது, விருந்திலும் உட்காரக் கூடாது என்றார். யோசீனாவிடம் வந்து சொன்னேன். அவள் விலாங்கு மீனைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா இல்லாத விருந்துல நான் உக்கார மாட்டேன்" என்றாள். "நீ காத்திருக்கியா, இல்ல வேற கூரை பாக்கப் போறியா?"

காத்திருந்தேன். சாபம் எப்படி நீங்கும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு போப்பாண்டவர் கதை வந்தது. முதலில் சொன்னவன் ஒரு கம்பளி வியாபாரி. ரோமாபுரியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர்களே சில மாதம் கழித்து, அது செல்லாது, எங்களைப் பயமுறுத்தித் தேர்ந்தெடுக்க வைத்தார்கள் என்று சொல்லி இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிரெஞ்சுக்காரர் பக்கத்து அவிஞோன் நகரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். குடித்துவிட்டு உளறுகிறான் என்று கேட்லீன் அவனைக் கடையிலிருந்து அனுப்பிவிட்டாள். ஆனால் அது உண்மைதான். எங்கள் கரை மேற்றிராணியார் அவிஞோன் பக்கம் சேர்ந்தார். எதிர்க்கரை மேற்றிராணியார் ரோமாபுரியை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கரையிலும் கடிதம் வாசித்தார்கள். ரோமாபுரிக்காரரை ஏற்கிறவர்கள் அத்தனை பேரும் சபிக்கப்பட்டவர்கள் என்று எங்கள் கோவிலில் கோசன் சாமியார், குரல் உள்ளே போய், வாசித்தார். அவிஞோன்காரரை ஏற்கிறவர்கள் அத்தனை பேரும் சபிக்கப்பட்டவர்கள் என்று லிண்டெக் கோவிலில் வாசித்தார்கள். அவர்களோடு பேசக் கூடாது, உண்ணக் கூடாது என்று இரண்டிலும் இருந்தது.

அடுத்த சந்தை நாளில் நான் நாணல் கட்டுகளோடு தோணியில் இருந்தேன். கேட்லீன் இரண்டு பீப்பாயோடு ஏறியிருந்தாள். லிண்டெக் மாவரைக்கிறவன் ஹூப் ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நின்றான். எங்கள் பக்கம் வாங்கிய பசு.

"உங்க ஊர்க்காரங்களோட ஒரே தோணியில ஏறுறதே பாவமாம்" என்றான் ஹூப். "எங்க சாமி சொன்னாரு."

"எங்க சாமியும் அதத்தான் சொன்னாரு, உங்களப் பத்தி" என்றாள் கேட்லீன். "அந்த மாட்ட எங்க ஊர்ல வாங்குனியே, அது பாவமில்லையா?"

ஹூப் பசுவின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். எனக்கு மனதுக்குள் ஏதோ கணக்கு ஓடியது. மற்றவர்களுக்கும் அதே கணக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். கேட்லீன் மெதுவாகத் திரும்பி, இத்தனை வருஷமாகப் பார்க்காமல் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் லீவின்" என்றாள், "இந்தத் தோணியில இப்ப சாபம் இல்லாதது யாரு?"

லீவின் கழியை ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டார். தோணி லேசாகத் திரும்பியது. அவர் ஹூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீப்பாய்களைப் பார்த்தார்.

"மாடு" என்றார்.

ஹூப்தான் முதலில் சிரித்தான். பிறகு கேட்லீன் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. நான் நாணல் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். லீவின் சிரிக்கவில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு, முளையில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். கேட்லீன் இறங்கிப் போகும்போது கூலியைப் பலகையில் வைக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பேச்சு ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் லிண்டெக்காரர்கள் பேசினார்கள். பிறகு எங்கள் ஊரில் வயதானவர்கள். பயந்தவர்கள் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் யாரைப் பார்த்து யார் பயப்படுவது என்பது குழம்பிப்போயிருந்தது. லீவினுக்குமே அது குழப்பம். ஊர் பேசினால் மட்டும் சாபம் போய்விடுமா என்று யோசீனாவிடம் கேட்டாராம். அவருடைய பயம் ஊரைப் பற்றியது அல்ல.

அது நீங்கிய நாளில் நான் கூடவே இருந்தேன். மழைக்காலத்து மதியம். ஆறு பெருகி இருந்தது. துடுப்புக்கு ஆள் வேண்டும் என்று லீவின் என்னை வரச்சொல்லியிருந்தார். துறையில் கோசன் சாமியார் ஒரு மூட்டையோடு நனைந்துகொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைவிட்டுத் தள்ளி நின்றார்கள். சங்கதி எங்களுக்குத் தெரியும். பங்குச் சாமியார்கள் அத்தனை பேரும் அவிஞோன்காரருக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று மேற்றிராணியார் ஆளனுப்பியிருந்தார். கோசன் மறுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் மறுத்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"அந்தக் கரைக்குப் போகணும்" என்றார். "என்ன ஏத்திக்க உனக்குச் சம்மதமா?"

"ஏறுங்க சாமி. பலகை வழுக்கும், பாத்து."

நடு ஆற்றில் கோசன், தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னையும் பேர் சொல்லிச் சபிச்சுட்டாங்க லீவின். அதே படி. அதே மணி."

"மெழுகுவத்தியும் மிதிச்சாங்களா?"

"மிதிச்சாங்க."

"பயமா இருக்கா சாமி?"

கோசன் யோசித்தார். "இல்ல. அதுதான் எனக்குப் புரியல. அந்தக் கடுதாசிய ஒரு தரம் வாசிச்சுட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ நாள் தூக்கமில்ல. சத்தியம் பண்ணச் சொன்னப்ப வேதப்புத்தகத்து மேல கை போகல. முடியாதுன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் தூங்குனேன்."

"எனக்கு ஏழு வருஷம் பயமா இருந்துச்சு" என்றார் லீவின். குரலில் கோபம் இல்லை. சும்மா ஒரு செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மழை கொஞ்சம் வலுத்தது. கோசன் மூட்டையைக் காலடியில் வைத்தார். "உன் சாபத்த எடுக்க எனக்கு அதிகாரம் இருக்கான்னு தெரியல. அன்னைக்கு இருந்துச்சான்னும் நான் கேட்டுப் பாக்கல. இன்னைக்கு நிச்சயமா இல்லன்னு ஒரு மேற்றிராணியார் சொல்றாரு, இருக்குன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு. எனக்கு எடுக்கணும்னு இருக்கு. உனக்கு வேணுமா?"

"அவளத் தோண்டணுமா?"

"வேண்டாம்."

"அப்ப எடுங்க சாமி."

லீவின் கழியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோணிக்குள் தேங்கியிருந்த தண்ணீரிலேயே மண்டியிட்டார். கோசன் அவர் தலையில் கைவைத்து, மன்னிப்பு ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் விடாமல் சொன்னார். எனக்குத் தோணியைப் பிடிக்கத் தெரியவில்லை. வெள்ளம் எங்களைத் துறையைத் தாண்டி வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய் ஒரு நாணல் காட்டில் செருகியது. வேறொரு நாளாக இருந்தால் லீவின் என் காதைத் திருகியிருப்பார். அன்றைக்கு அவர் கவனிக்கவே இல்லை.

அங்கேயே, நாணலுக்குள், லீவின் கறுப்பு ரொட்டியையும் புகைபோட்ட விலாங்கையும் எடுத்துப் பிட்டுக் கோசனிடம் நீட்டினார். கோசன் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

கரையேறியதும், அலெய்டாவைக் காட்டு என்று கோசனே கேட்டார். ஆர்னோ சாமியார் அதற்குள் இறந்துபோயிருந்தார். புல் முளைத்து, மேடு தெரியாமல் தட்டையாகிவிட்ட இடம். லீவின் வேலியிலிருந்து கையால் அளந்து காட்டினார். கோசன் அங்கே நின்று, மனைவியை இழந்தவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஜெபங்களையெல்லாம் சொன்னார். லீவின் சத்தமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "பசிக்குது" என்றார். இப்போதுதானே சாப்பிட்டோம் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை. யோசீனா பயந்துபோய் உலுக்கினாள். கண்ணைத் திறந்து, ஏன் எழுப்பினாய் என்று திட்டினாராம்.

எங்கள் ஊருக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். சின்ன வயது. பாவம், அவருக்கு நிலைமை சரியில்லை. சனங்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை தோணியேறி, கோசன் சாமியார் பூசை வைக்கிற லிண்டெக்குக்குப் போய்விட்டார்கள். புதுச் சாமியார் காலியான பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்தார். கொஞ்ச நாளில் அவரே என்னைத் தேடி வந்தார். உனக்குக் கலியாணம் நின்றிருக்கிறதாமே, ஓலை வாசிக்கட்டுமா என்று கேட்டார். பெண்ணின் அப்பா நிச்சயமாக வருவார் என்று சொன்னேன். வரட்டும், வரட்டும், பாட்டுப் பாடத் தெரிந்தால் பாடவும் செய்யட்டும் என்றார்.

அவிஞோன் பக்கத்துச் சாமியார் வைக்கிற கலியாணம் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். யோசீனாவுக்கு இல்லை. "அது எங்கம்மா நின்ன படி. அதுமேல எந்தச் சாமி நின்னா என்ன" என்றாள். என் மன நிம்மதிக்காக, மறுவாரம் லிண்டெக்கில் கோசன் சாமியாரிடமும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டோம். ஆக, இரண்டு போப்பாண்டவர் பெயரிலும் கலியாணமானவன் நான்.

விருந்தில் லீவின் நடுவில் உட்கார்ந்தார். ஏழு வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசினார். பட்டாணிக் கஞ்சி ஆறியது, வாத்துக்கறி தீர்ந்தது, அவர் நிறுத்தவில்லை. கடைசியில் கேட்லீன் அவர் வாயில் ஒரு பணியாரத்தைத் திணித்து, "இவனுக்குத் திரும்ப யாராவது சாபம் குடுங்கப்பா" என்றாள். அதைக் கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

இரண்டாவது தடை சில வருஷம் கழித்து வந்தது. எங்கள் ஊர் சனங்கள் ஆற்றைக் கடந்து ரோமாபுரிப் பூசைக்குப் போவதை மன்றத்தார் தடுக்கவில்லை என்று மேற்றிராணியாருக்குக் கோபம். திரும்பவும் மணியைக் கட்டு, கதவைச் சாத்து, மண் கிடையாது என்று உத்தரவு. அதே வாரம் கேட்லீனின் கணவன் யோரிஸ், பீப்பாய் வண்டி குடைசாய்ந்து செத்துப்போனான். புதுச் சாமியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார்.

கேட்லீன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பீப்பாய் செய்கிறவன் ஏணி வைத்து ஏறி மணிக்கயிற்றை அறுத்தான். மன்றத்தார் இருவர் வந்து கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். லீவின் அக்கரைக்குப் போய்க் கோசன் சாமியாரைக் கூட்டிவந்தார். மேற்றிராணியாரின் ஆள் கோவில் படியில் நின்று உத்தரவை வாசித்துக்கொண்டிருந்தார். சனங்கள், சாலையில் நிற்கிற வண்டியைச் சுற்றிப் போவதுபோல, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவருக்கு அது புரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் வந்த கேட்லீனை நிறுத்தி, உங்களுக்கெல்லாம் நரக பயம் இல்லையா என்று கேட்டார்.

"இருக்குய்யா" என்றாள் அவள். "உங்க கடுதாசி மேலதான் இல்ல. கொஞ்சம் தள்ளிக்கங்க, பெட்டி கனமா இருக்கு."

அவர் தள்ளிக்கொண்டார்.

லீவின் வேலிக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகம் எப்படி இருக்குமோ என்று எனக்குப் பயம். அவர் அத்தனை வருஷத்தை விலையாகக் கொடுத்து வாங்கியதை ஊர் இன்றைக்கு ஒரு காலைப்பொழுதில் எடுத்துக்கொண்டது.

"உள்ள வாங்க மாமா" என்றேன்.

"வர்றேன்" என்றார். "எனக்குப் பொறாமையா இருக்குமோன்னு நின்னு பாத்தேன். அப்பிடி ஒண்ணும் இல்ல. அவளுக்காவது லேசா முடிஞ்சுதே, அதுவே போதும்னு இருக்கு." பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் அவர் கால் வைத்து வெகு காலம் ஆகியிருந்தது. பாதை மாறியிருந்ததால் ஒரு கல்லில் இடித்துக்கொண்டார்.

அவருக்கு நீண்ட ஆயுசு. என் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டாடினார். ஒரு வசந்த காலத்தில், இரண்டு நாள் காய்ச்சலில், மிரட்சி இல்லாமல் போனார். லிண்டெக்கில் அலெய்டாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். எந்த மேற்றிராணியாரிடமும் அனுமதி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போப்பாண்டவர் சண்டை அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. நடுவில் மூன்றாவது ஒருவரும் வந்தார். இப்போது எனக்கே தலை நரைத்துவிட்டது. போன கார்த்திகையில் நாங்கள் முற்றத்தில் பன்றி அடித்துக்கொண்டிருந்தபோது, கெண்டிலிருந்து வந்த ஒருவன் செய்தி சொன்னான். எங்கோ தெற்கே, ஓர் ஏரிக்கரை ஊரில் பெரியவர்கள் எல்லாம் கூடி, பழைய ஆட்களை விலக்கிவிட்டு, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். இனி எல்லோருக்கும் அவர்தானாம். நல்லது என்று சொன்னோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. யோசீனா அவனுக்கு ஒரு கோப்பை பீர் கொடுத்து, சூடான தண்ணீர் ஆறுவதற்குள் வந்து பன்றியின் காலைக் கொஞ்சம் பிடி என்றாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.